அளவு பிசகாத உறை

பத்து மணிப் பரீட்சைக்கு இன்னும் முழுசாய் ஒரு மணி நேரம் கிடந்தது. அது போதும் என்றுதான் ஸ்வீட்லின் நினைத்தாள். லேப்டாப் திரையின் ஓரத்தில் இணையம் இல்லை என்று சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருந்தது. விழுந்தால் விழட்டுமே! பாளையங்கோட்டையில் பத்தொன்பது வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவள். மக்கர் பண்ணாத மிஷினை அவள் பார்த்ததே இல்லை. இன்ஸ்டிட்யூட்டை மூடி ஏழு மாசம் ஆகிறது. அதற்காக விரல் மறந்தா போகும்?

டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். போன சனிக்கிழமையே பரீட்சை வைத்தார்கள். அன்றைக்கும் இதே சிவப்புக் குறி. கெஞ்சி மெயில் போட்டதில் இன்னொரு தடவை தந்தார்கள். இதுவே கடைசி என்று தடித்த எழுத்தில் சொல்லியும் விட்டார்கள். செல்போனில் எழுதக் கூடாது, செல்போன் அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. லேப்டாப்பில் இணையக் கேபிள் செருகுகிற இடமோ என்றைக்கோ உடைந்து போயிற்று. பத்து வருஷப் பழசு, வேறென்ன செய்யும்.

“என்னட்டி, இன்னுமா வரல?” என்று முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார் அவள் புருஷன் அப்பாத்துரை. தையல்காரர். சுற்றுவட்டாரத்தில் போதகர்களுக்கு அங்கி தைக்க வேண்டுமென்றால் அவரிடம்தான் வருவார்கள். அவள் பரீட்சைக்காக இன்று மிஷினை ஓட்டாமல் உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கிற தையல்காரரைப் போல ஒரு தொந்தரவு வீட்டில் கிடையாது.

“வரும். நீங்க அங்கனயே இருங்க.”

ஒவ்வொன்றாய்க் கழித்துக்கொண்டே வந்தாள். செல்போனில் வைஃபை எடுத்தது. அப்படியானால் ரவுட்டர் மேல் குற்றமில்லை. போன வாரம் அதைத் திட்டித் திட்டி ஜன்னலிலிருந்து பீரோவுக்கும் பீரோவிலிருந்து ஜன்னலுக்கும் மாற்றியதை நினைத்தால் பாவமாய் இருந்தது. லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். வைஃபைக்கான டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினாள். ஊஹூம். வழக்கமாய் எதிர்வீட்டு சிவகணேஷ், மாடிவீட்டு மதுமதி என்று ஏழெட்டுப் பேருடைய வைஃபை வரிசையாய் நிற்கும். இப்போது ஒருத்தரையும் காணோம். தெருவே காலி பண்ணிக்கொண்டு போயிருக்காது. கோளாறு இந்தப் பெட்டிக்குள்தான், சந்தேகமில்லை.

ஆனால் நேற்றுச் சாயங்காலம் துணிப்பையில் போட்டுக் கொண்டுபோனபோது ரிப்பேர் கடையில், “நல்லாத்தானம்மா இருக்கு” என்று ஒரே நிமிஷத்தில் எடுத்துக் காட்டினார்களே! வீட்டுக்கு வந்தும் தூங்கப் போகிற வரைக்கும் எடுத்ததே!

மணி ஒன்பது நாற்பது. இப்போதுதான் லேசாய்ப் பயம் வந்தது. அந்தக் கடையிலேயே உட்கார்ந்து எழுதிவிடலாம், ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம் என்று உறையை எடுத்தாள்.

பரீட்சைக்கென்று போன வாரம் அப்பாத்துரை தைத்துத் தந்த உறை. அங்கி வெட்டிய மிச்ச வெள்ளைத் துணி, உள்ளே நீல லைனிங். டேப் வைத்து அளந்து, ஒரு நூல் கூடாமல் குறையாமல் தைத்தது. அழுத்தித் தேய்த்துத்தான் பெட்டியை உள்ளே தள்ள வேண்டும். தொளதொளவென்று இருந்தால் அது உறையா, சாக்கா என்பார். நேற்று ராத்திரியும் அவர்தான் ஆசையாய் நுழைத்து வைத்தார்.

லேப்டாப்பின் முன்விளிம்பில் ஒரு நீல நூல் தொங்கியது. பிடுங்கினாள், வரவில்லை. குனிந்து பார்த்தாள். நகத்தளவுக்கு ஒரு தள்ளுபொத்தானில் மாட்டிக்கொண்டிருந்தது. பத்து வருஷமாய் இருக்கிற பொத்தான், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. பக்கத்தில் பொட்டுப் போல ஒரு சிவப்பு விளக்கு. நகத்தால் பொத்தானைத் தள்ளினாள். விளக்கு நீலமாயிற்று. சிவகணேஷ் வந்தார், மதுமதி வந்தாள், தெருவே திரும்பி வந்துவிட்டது.

சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஒரு வாரம்! ரவுட்டர், கேபிள்காரர், தன் தலையெழுத்து என்று ஒன்றுவிடாமல் வைதாயிற்று.

“இங்கன வந்து பாருங்க. ஒவ்வொரு தடவையும் உங்க உறைதான் இந்த வைஃபை பொத்தானத் தேச்சு அணைச்சிருக்கு. நேத்துக் கடைக்காரர் தள்ளிவிட்டிருக்காரு, ராத்திரி மறுபடி உறை அணைச்சிட்டு.”

அப்பாத்துரை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பொத்தானைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். “அளவு பிசகலையேட்டி” என்றார்.

“பிசகலதான். பிசகியிருந்தா போன வாரமே எழுதியிருப்பேன்.”

அவர் முகம் வாடியது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. செல்போனை அவர் கையில் திணித்து, பைய வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

காதுக்குள் ஒரு டாக்டர் மூக்கடைத்த குரலில் யாருடைய கல்லீரலைப் பற்றியோ வேகமாய்ப் பேசிக்கொண்டு போனார். போகட்டும், அவள் விரல் அவருக்கு முன்னால் போய் நின்றது. முடித்தபோது ஆறு நிமிஷம் மிச்சம். இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பினாள். முடிவு புதன்கிழமை வரும் என்றது திரை. வரட்டும், வராமல் எங்கே போகும்.

வெளியே அப்பாத்துரை ஜன்னலோரம் உறையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்விளிம்பில் சின்னதாய்க் கீறி, சட்டைப் பொத்தானுக்குப் போடுவதைப் போல அதைச் சுற்றிக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். மிஷின் சத்தம் ஆகாதென்று ஊசியால், கையிலேயே.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “பொட்டியக் கொண்டா. ஓட்ட நேரா வருதான்னு பாக்கணும்.”

அவள் அணைக்காமலேயே மூடிக் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் அவர் உறையைப் பிடிக்க, மறுபக்கம் அவள் பைய உள்ளே தள்ளினாள். இறுக்கம் கொஞ்சமும் குறையவில்லை. வெள்ளைத் துணியில், காஜாவுக்கு நட்டநடுவில், நீல விளக்கு அணையாமல் எரிந்தது.