வீரம்மா பேசியது

சன்னாசி ஹேண்ட்போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, அதன் அடிப்பக்கம் மனைவியின் உதட்டுக்கு நேராக வரும்படி திருப்பினார். பிறகு மூக்குக்கண்ணாடியை வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு காத்திருந்தார். வீரம்மாவின் உதடு அசைந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. போனை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தார். அப்போதுதான் எழுத்துகள் வந்தன.

‘கஞ்சி வேணாம் நிலா.’

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலாய்ப் பழக்கத்தில் பேச்சின் முடிவில் ‘லா’ போடாமல் வீரம்மா பேசமாட்டாள். அந்த லாவை எல்லாம் போன் நிலா என்றே எழுதியது. முதல் நாள் அதைப் படித்துக் காட்டியபோது அவளும் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, அவர் முதுகைத் தடவிவிட வேண்டியதாகிவிட்டது.

“சரி, வேணாம். தண்ணி நனைச்சு வைக்கவா?”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். சன்னாசி கரண்டி நுனியால் அவள் உதட்டை நனைத்தார்.

சுங்காய் பக்கத்துத் தோட்டமொன்றில், ரப்பர் பால் கட்டியைத் தகடாக அரைக்கும் இயந்திரங்களுக்கு நடுவே நின்று வேலை பார்த்தவர் அவர். காது எந்த வருஷம் போனது என்று சொல்லத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. தோட்டத்தை விட்டுக் குனோங் ராபாட்டில் வீடு வாங்கி வந்தபோது, வீரம்மா காதருகே வந்து கத்தினால் கேட்கும். பிறகு அதுவும் குறைந்தது. மகள் சாந்தினி வாங்கிக் கொடுத்த காது மெசின், மண்டைக்குள் விசிலடித்துக்கொண்டே இருந்ததால் அலமாரிக்குப் போய்விட்டது. மற்றபடி வீட்டில் குறை ஒன்றும் இல்லை. டம்ளரைத் தூக்கிக் காட்டினால் தேநீர், பையைக் காட்டினால் காய்கறி வாங்கப் பாசார். அவ்வளவில் குடும்பம் நடந்தது.

வீரம்மாவின் வயிற்றில் வந்த புற்றுநோய்தான் அந்த ஏற்பாட்டைக் கெடுத்தது. அவளால் கையைத் தூக்க முடியாமல் போனது. குரலும் மெலிந்து காற்றாகிவிட்டது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

எந்த வீட்டில் என்பதுதான் பேச்சானது. சாந்தினி பக்கத்தில் சிலிபினில் இருந்தாள். அவள் அப்பாவின் காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

“அம்மா கூப்டா உங்களுக்குக் கேக்காதுப்பா! மருந்து நேரத்துக்கு எழும்பணும், பாட்டில்ல எழுதியிருக்கறதப் படிக்கணும். உங்களால எப்படி முடியும்? நா கூட்டிட்டுப் போறேன்.”

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சன்னாசி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வீரம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் இல்லை, இல்லை என்று ஆட்டினாள்.

அன்று வீட்டுக்கு வந்திருந்த மிஸி நூருல், ஊசி மருந்துப் பையை மூடிவிட்டுத் திரும்பினாள். இப்படிப்பட்ட நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கிற தாதி அவள். கம்பாரில் பிறந்த தமிழ் முஸ்லிம் பெண்.

“அங்கிள், உங்க ஹேண்ட்போனக் கொஞ்சம் கொடுங்க,” என்று கையை நீட்டினாள்.

அது சாந்தினி வாங்கிக் கொடுத்த போன். கூப்பிடுபவர் பேசுவது கேட்காது என்பதால், அவர் அதில் வரும் படங்களை மட்டும்தான் பார்ப்பார். திரை முழுக்கக் காலை வணக்கப் பூக்களும், பேரப்பிள்ளை இறக்கிவைத்த விளையாட்டுகளும் அடைந்து கிடந்தன. நூருல் விரலால் தள்ளித் தள்ளி உள்ளே போனாள். கை விரித்து நிற்கும் சின்ன மனித உருவம் ஒன்று வந்தது. அதைத் தொட்டுத் திறந்து, அவர் கையைப் பிடித்துத் திரையில் வைத்தாள்.

‘அங்கிள் நான் பேசுறது தெரியுதா?’ என்று எழுத்து ஓடியது.

சன்னாசி திரையைப் பார்த்தார். அவள் வாயைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“புதுசா ஏத்துனியாம்மா?”

‘இல்ல அங்கிள். எல்லாம் வாங்கும்போதே உள்ள இருந்தது.’

சாந்தினி அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். “நாந்தான் வாங்கிக் கொடுத்தேன் மிஸி. ஒரு நாள்கூட நா உள்ள போய்ப் பாக்கலயே,” என்றாள். அதையும் போன் எழுதியது.

பிறகு அவளே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தாள். பூக்களையும் விளையாட்டுகளையும் அழித்தாள். எழுத்தைப் பெரிதாக்கும் கண்ணாடி, டார்ச் லைட், மருந்து நேரத்துக்குத் தலையணைக்கு அடியில் அதிரும் அலாரம், பேச்சை எழுதுவது, சத்தம் வந்தால் சொல்வது எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் போட்டு முதல் பக்கத்தில் வைத்தாள். கட்டத்துக்கு ஒரு பெயர் கேட்டது போன்.

“கருவிகள்னு போடவாம்மா?”

வீரம்மாவின் உதடு அசைந்தது. சாந்தினி குனிந்து கேட்டுவிட்டு முகம் மலர்ந்து நிமிர்ந்தாள். “சாமான்னு போடச் சொல்றாங்க. அப்பாவுக்கு அப்பதான் புரியுமாம்.”

வீரம்மா தன் வீட்டிலேயே இருந்தாள். வேண்டும்போது கரண்டியால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். எந்த அறையில் இருந்தாலும் சன்னாசியின் சட்டைப்பையில் போன் அதிரும். ‘கதவு தட்டும் சத்தம்’ என்று காட்டும். அவர் உள்ளே போய், “யாரு வந்திருக்கறது?” என்று கேட்பார். “நாந்தான்” என்று அவள் சொல்வதை எழுத்தில் பார்ப்பார். மருந்துப் புட்டியின் பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படித்து, அளவு பார்த்து அவரே ஊட்டினார். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

இன்று காலை, கஞ்சி வேண்டாம் என்ற பிறகு, அவள் மறுபடியும் பேச ஆரம்பித்தாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

‘நா பேசிக்கிட்டுதான் இருந்தேன்.’

“எப்ப?”

‘இத்தன வருசமும். உங்களுக்குக் கேக்காதுன்னு தெரியும். இருந்தாலும் பேசுவேன்.’

சன்னாசி அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் பேப்பர் படிக்கும்போது அவள் அடுப்பங்கரையில் நின்று வாயசைப்பது ஓரக்கண்ணில் தெரியும். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்திருந்தார்.

“என்னா பேசுவ?”

‘ஒன்னுமில்ல. மீன் விலை. பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது.’

“வேற?”

‘அவ்வளவுதான் நிலா.’

“என்னைய ஏசியிருப்ப.”

‘அதுவும்தான்.’

அவள் கன்னத்தில் சிரிப்பு வந்து போனது. பிறகு அவள் கண்களை மூடிக்கொண்டு, மெதுவாக, இடைவெளி விட்டுவிட்டுச் சொன்னாள். போன் அதைச் சரியாகவே எழுதியது.

‘இப்ப நீங்க பதில் சொல்றீங்க. நல்லா இருக்கு.’

அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மேலும் வரும் என்று திரையைப் பார்த்தபடி இருந்தார். ‘கேட்டுக்கொண்டிருக்கிறது’ என்று மட்டும் அடியில் மின்னியது. ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் தூங்குகிறாள் என்று அவர் நினைத்தார். கை சூடாகத்தான் இருந்தது.

திடீரென்று திரையில் எழுத்துகள் வந்தன.

‘அம்மா அம்மா அம்மா’

வீரம்மாவின் உதடு அசையவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். மதியச் சாப்பாட்டு அடுக்குடன் வந்த சாந்தினி, அறை வாசற்படியில் நின்று அம்மாவைப் பார்த்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் வாசலில் கூடாரம் போட்டார்கள். பெண்கள் சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழ, சட்டைப்பையில் போன் விடாமல் அதிர்ந்தது. சன்னாசி அதை எடுத்து நிறுத்திவைத்தார்.

நூருல் வந்தாள். சீருடை இல்லாமல் வேறு யாரோபோல இருந்தாள். சன்னாசி அவளுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். காற்றாடியை அவள் பக்கம் திருப்பினார். அவள் உட்கார்ந்த பிறகும் போகாமல் நின்றார். “நீ செஞ்சது பெரிய உதவி மிஸி,” என்று சொல்லி, போனை எடுத்து உயிர்ப்பித்து அவள் முன் நீட்டினார்.

‘நான் ஒன்னும் செய்யல அங்கிள். எல்லாம் அதுக்குள்ளதான் இருந்தது.’

“இருந்துச்சு மிஸி,” என்றார். “யாரு காட்டுனா? நீதான காட்டுன.” இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். அவள் பதறி எழுந்து, அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

மின்சுடலைக்குப் போய்வந்து குளித்து முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. உறவுகள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். கூடாரத்தின் ஓரத்தில் இராமசாமி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். சன்னாசியோடு அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர். அவர் காதும் அங்கேதான் போனது. கல்யாணத்திலும் சாவிலும் இருவரும் சந்திப்பார்கள். கையைப் பிடித்துக்கொள்வார்கள், தலையை ஆட்டுவார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். அவர்கள் பேசிக்கொண்டு வெகுகாலமாகிவிட்டது.

இன்றும் இராமசாமி கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். சன்னாசி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இராமசாமியின் சட்டைப்பையில் போன் துருத்திக்கொண்டிருந்தது. அதைக் கேட்காமலே உருவி எடுத்தார். இராமசாமி விழித்தார்.

அது வேறு மாதிரி போன். எதுவும் இருந்த இடத்தில் இல்லை. சன்னாசி நூருல் செய்ததுபோலவே தள்ளித் தள்ளி உள்ளே போனார். தப்பான கதவைத் திறந்து இரண்டு முறை வெளியே வந்தார். கடைசியில் கை விரித்த மனித உருவம் கிடைத்தது. தமிழ் என்ற எழுத்தைத் தேடி அழுத்திவிட்டு, போனை இராமசாமியின் மடியில் வைத்தார்.

ஏதாவது பேசிக் காட்ட வேண்டும்.

“சாப்ட்டியா?”

இராமசாமி மடியைப் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது. விரலால் அந்த எழுத்தைத் தொட்டார்.

“சாப்ட்டேன்,” என்று சத்தமாகச் சொன்னார். சன்னாசி எடுத்துப் பிடித்திருந்த தன் போனில் அது வந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாந்தினி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதை இருவரும் கவனிக்கவில்லை.

இராமசாமி குனிந்து பேசத் தொடங்கினார். வெகுகாலம் அடைத்துக் கிடந்தது திறந்துகொண்டதுபோல வரி வரியாக வந்தது.

‘மத்தியானம் ஆனா உன் மெசின் பெல்ட் கழண்டுக்கும். ஞாபகம் இருக்கா?’

“இல்லாம? எத்தன தடவ இறுக்கியிருப்பேன்.”

‘அது தானா கழலல. நாந்தான் தட்டி விடுவேன்.’

சன்னாசி நிமிர்ந்து பார்த்தார். இராமசாமி பேசிக்கொண்டே போனார்.

‘உங்களுக்குக் கல்யாணமான புதுசு. தங்கச்சி வீரம்மா சாப்பாடு கொண்டுவந்து உன் பின்னால நின்னு கூப்பிடும். அந்தச் சத்தத்துல உனக்கு எங்க கேக்கும். நாலு பேர் முன்னால உன்னத் தொட அதுக்குக் கூச்சம். அண்ணே மெசின நிப்பாட்டுங்கண்ணே, நா அவரக் கூப்பிடணும்னு என்கிட்ட வந்து நிக்கும். மெசின் நின்னா மேற்பார்வ பாக்குற கிராணி ஏசுவாரு. பெல்ட் சரியில்லன்னு சொல்லிருவேன்.’

எழுத்து நின்றது. சன்னாசி அதை முதலிலிருந்து ஒருமுறை படித்தார். தேநீரில் ஆடை படிந்திருந்தது.

அவர் நாற்காலியை இராமசாமியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்புறம்?” என்றார்.