நீர்மாலைக் குடம்

முத்துமாரியின் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கி, கருப்பம்மாள் தண்ணீரை வாசலில் ஊற்றினாள்.

"தண்ணி தவிக்குது, அத்தை."

"செத்த இரு. பக்கத்து வீட்டுல காப்பி போடுதாக. வாங்கித் தாரேன்."

எழவு வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டக்கூடாது. நார்க்கட்டிலில் கிடந்தவள் முத்துமாரியின் அம்மா வெள்ளைத்தாய்; கருப்பம்மாளின் அண்ணன் மனைவி. நேற்றுக் காலை வரை மதினியும் நாத்தனாரும் தீப்பெட்டியாபீசில் அருகருகே உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் வாந்திபேதி தொடங்கியது. விடியுமுன் அடங்கிவிட்டாள்.

அண்ணன் சங்கையா சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கு மேலே 1958-ஆம் வருடக் காலண்டர். அச்சாபீசில் வண்ணம் விலகியதென்று கழித்துப் போட்டதை அவன்தான் கொண்டுவந்தான். அம்மனின் பொட்டு புருவத்தில் விழுந்திருக்கும். "ஒங்க ஆபீசுல ஒரு பொட்டு வைக்கத் தெரியலையே," என்று தினமும் கேலி செய்தவள் இப்போது பேசாமல் கிடந்தாள்.

போன வாரம் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து, ஊருணித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். சோறு பொங்கவே விறகு பற்றாத தெரு அது. காலரா ஊசி போடுகிறவர்கள் மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் பத்து மணிக்குத் தெருவில் நாய்கள்தான் இருக்கும்.

சோணைமுத்து மாமா உள்ளே எட்டிப் பார்த்தார். "உச்சிக்குள்ள எடுத்திரணும். நீர்மாலைக்குக் கெளம்புங்க. ஊருணிக்குப் போயி குடத்துல தண்ணி மோந்து வந்துட்டா, குளிப்பாட்டிரலாம்."

"ஊருணி வேண்டாம், மாமா. கடைத்தெருக் குழாய்க்குப் போவோம்," என்றாள் கருப்பம்மாள்.

"கிறுக்கா ஒனக்கு? குழாய்த் திருகக் கழட்டி மடியில கட்டிக்கிட்டுல்லா இருக்காரு கடைக்கார ரத்தினசாமி. மூணு நா முந்தி இவளயே வெறுங்குடத்தோட வெரட்டி விட்டாரு. உசுரோட போனவளுக்கே தராதவரு, செத்தவளுக்கா தரப்போறாரு?"

"செத்தவளுக்குத் தருவாரு. சாவ மறிக்கப் பயப்படுவாரு."

மாமா சங்கையாவைப் பார்த்தார். அவன் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினான்.

"நடங்க, மாமா," என்றான். அன்று அவன் பேசிய முதல் பேச்சு.

சங்கும் சேகண்டியும் முன்னே போக, குடங்கள் பின்னே போயின. ஊருணிப் பக்கம் திரும்பாமல் ஊர்வலம் கடைத்தெருவுக்குள் நுழைந்தது. பலசரக்குக் கடையில் இருந்த ரத்தினசாமி தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"இங்கன எதுக்கு வந்தீக?"

சங்கு ஊதுகிறவன் நிறுத்திவிட்டான்.

கடைக்குள்ளிருந்து அவர் மனைவி ஞானசுந்தரியின் குரல் வந்தது. "நீர்மாலைய நடுத்தெருவுல நிறுத்தாதீக. நம்ம வீட்டுலயும் மனுசங்கதான் இருக்கோம். தெறந்து விடுங்க."

அவர் மடியை அவிழ்த்துத் திருகை எடுத்து மாட்டினார்.

குடம் நிறைந்ததும் கருப்பம்மாள் உள்ளே குனிந்து பார்த்தாள். அடியில் இருந்த நெளிசல் தெளிவாகத் தெரிந்தது. ஒன்பது வருடமாக அவள் இடுப்பில் இருக்கும் குடம் அது. தண்ணீரோடு இருக்கையில் அதன் அடியை அவள் பார்த்ததே இல்லை.

அந்தத் தண்ணீரில் மதினியைக் குளிப்பாட்டினாள். நகக்கண்ணில் காய்ந்திருந்த பசையை மட்டும் எவ்வளவு தேய்த்தும் எடுக்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் அதே குடத்தோடு கடைத்தெருவுக்குப் போனாள். ரத்தினசாமி அப்போதுதான் கடைப் பலகைகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"தீட்டு கூடக் கழியலையே. இன்னைக்கும் நீர்மாலையா?"

"இல்ல, அண்ணாச்சி. குடிக்க."

"நேத்துத் தந்தது சாவுக்கு."

"எங்க அண்ணன் மக இருக்கா, அண்ணாச்சி. ஆறு வயசு. அவளுக்கும் நீர்மாலை எடுக்க வந்தாத்தான் தருவீகளா?"

அவர் கையில் பலகை அப்படியே நின்றது. அவளுக்குப் பின்னால் ஒரு குடம் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு மண்பானை ஒன்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மதினியின் பழைய சேலையில் கிழித்த சும்மாட்டுத் துணி அவள் தோளில் கிடந்தது. அதை வளையமாகச் சுருட்டிக் குழாயடியில் வைத்தாள். குடத்தை அதன் மேல் ஏற்றி, ஆடாமல் நிற்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தாள்.