அவசரம் ஒண்ணுமில்லீங்க

பகல் சோற்றுக்குப் பிறகு எங்கள் தீயணைப்பு நிலையத்தின் டெலிபோன் அறையில் உட்கார்ந்தால், விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று நமக்கே தெரியாது. பக்கத்து மில்லிலிருந்து பஞ்சுத் துகள் ஜன்னல் வழியே மிதந்து வந்து, மனசில்லாமல் மேசையில் இறங்கும். தொண்ணூற்று நாலாம் வருஷத்துச் சித்திரை வெயில். மேசையில் இரண்டு போன்.

அதிகாரி பாலகோபால் ஒரு சட்டம் போட்டிருந்தார். எடுத்ததும் அவசரமா என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் ரிசீவரைத் துண்டின் மேல் படுக்கப் போட்டுவிட்டு அடுத்த போனைப் பார்க்க வேண்டும். கரண்ட் எப்போது வரும், தாராபுரம் பஸ் எத்தனை மணிக்கு என்றெல்லாம் ஊரே எங்களைத்தான் கேட்கும். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் பாதிப் பேரைக் கடித்துக் குதறியிருப்பேன்.

படுத்துக் கிடக்கும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வது எனக்கொரு திருட்டுச் சுகம். எங்கோ ஒரு வீடு தன்பாட்டுக்குக் கேட்கும். புறா முனகும், யாரோ கடுகு தாளிப்பார்கள். கண்ணை மூடினால் அங்கேயே போய் உட்கார்ந்தது போல இருக்கும்.

அன்றைக்கு ஒரு பெண் குரல். "ஏனுங்க, சென்னியம்மாள் பேசறனுங்க. சாப்ட்டாச்சுங்களா?"

"ஆச்சு. அவசரமாங்க?"

"அவசரம் ஒண்ணுமில்லீங்க. உங்களுக்கு ஒழியறப்போ சொல்லுங்க, நான் இருக்கறனுங்க."

படுக்கப் போட்டேன். அடுத்த போனில் ஒருவர், தன் கிளி தென்னைமரத்தில் உட்கார்ந்துகொண்டு வர மறுக்கிறது என்று அழாக்குறையாகச் சொன்னார். "பசிச்சா வரும் சாமி" என்று வைத்தேன். பிறகு வழக்கம்போல மற்ற ரிசீவரைக் காதுக்குக் கொண்டுபோனேன்.

காற்று. ஒரு கோழி. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அப்படியே சொக்கிப்போய்க் கிடந்தபோது தூரத்தில் அந்த அம்மாவின் குரல்.

"ஏனுங்க, பைப்பை உட்டுப்போடாதீங்க. சித்த இருக்கச் சொல்லியிருக்காங்க. பாவம், வேலையா இருக்காங்களாட்ட இருக்குது."

பூமிக்கு அடியிலிருந்து, கிணற்றுச் சுவரில் மோதி வருவது போல ஓர் ஆண் குரல்: "செரி. அவங்களை அவசரப்படுத்தாத."

"அம்மணி! யாரு கெணத்துக்குள்ள?" என்று கத்தினேன்.

ஓடி வந்து எடுத்தாள். "ஊட்டுக்காரருங்க. படி ஒடைஞ்சு உளுந்துட்டாருங்க. கால் அசையலீங்க. கையும் மரத்துப்போச்சாமுங்க."

"அடிப்பாவி மகளே, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன!"

"நீங்க சாப்ட்டு இப்பத்தான் உக்காந்திருப்பீங்க..."

சிங்காநல்லூர்க் குளத்துக்குக் கிழக்கே, ரங்கநாயகியம்மா தோட்டம் என்று இடம் சொன்னாள். மணியை அடித்தேன், வண்டி பறந்தது. போனை வைக்காதே என்று அவளிடம் சொன்னேன். வர்றவங்களுக்கு மோர் கரைச்சு வெக்கட்டுங்களா என்று கேட்டாள். "மோரும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்! அவருகிட்டப் பேச்சுக் குடுத்துட்டே இரு!"

பேசினாள். எருமை சினையாக இருப்பதை, சென்னிமலைக்குப் போக வேண்டியதை ஜன்னல் வழியே கிணற்றுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவருடைய "ம்" இடைவெளி விட்டு வந்தது. அப்புறம் வரவில்லை. அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள். சாமி, இந்த ஒருத்தரை மட்டும் விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டேன்.

எங்கள் வண்டி மணி ரிசீவருக்குள் கேட்டது. கால்கள், கயிறு உரசல், "மெல்ல, மெல்ல" என்ற குரல்கள். ஒரு நீண்ட இருமல்.

அப்புறம் அவள் வெடித்தாள். "உன்னை எவன்டா எறங்கச் சொன்னது? செத்துத் தொலைஞ்சிருந்தா நான் எங்கடா போவேன்?" அப்படி ஓர் அழுகையை என் ஆயுசில் கேட்டதில்லை.

"மெதுவாப் பேசு புள்ள, போன்ல ஆபீஸர் இருக்காரு" என்றது நைந்த ஆண் குரல்.

"இருக்கட்டும்! நிக்கட்டும்!"

நின்றேன். கன்னத்தைத் துடைக்காமல், ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.