நான்காவது பாதுகாப்பு அம்சம்

பணம் பத்தும் செய்யும் என்பார்கள். தையல்காரி விஷயத்தில் பதினொன்றாவதாக ஒன்றையும் செய்தது: அவள் முகத்தை அவளிடமிருந்தே பிடுங்கிக்கொண்டது.

புது ஐம்பது நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருப்பாள். படத்துக்குப் பெயர் 'உழைப்பு'. வரைந்தவர் தையல்காரியின் அக்கா வீட்டுக்காரர். உழைப்பை வரைவதற்கு அவர் முதலில் தன் மனைவியைத்தான் உட்காரச் சொன்னார். அக்காவுக்குக் கொஞ்ச நேரம் குனிந்தாலே கழுத்து பிடித்துக்கொள்ளும். தவிர, நூலைக் கடிக்கிற பழக்கமும் கிடையாது. அவள் வீட்டில் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தது. ஆகவே உழைப்பைத் தேடிக்கொண்டு ஓவியர் கொழுந்தியாள் கடைக்கு வந்து சேர்ந்தார். தினமும் மத்தியானம் எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வரைந்தார். அவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். கூலி கீலி என்று யாரும் பேசவில்லை.

"நாடே உன்னைப் பாக்கப் போகுது, பாத்துக்கோ," என்றார் அத்தான், கடைசி நாள் கிளம்பும்போது. கையோடு தன் கால்சட்டை ஒன்றைக் கொடுத்து இடுப்பைத் தளர்த்தித் தரச் சொன்னார். அதற்கும் கூலி பேசவில்லை.

நாடு பார்த்தது. தெருவில் அவளுக்கு 'நோட்டுக்காரி' என்று பெயர் விழுந்தது. காய்கறிக்காரர் மீதி கொடுக்கும்போதெல்லாம், "இந்தாங்க, உங்களை நீங்களே பத்திரமா வச்சுக்குங்க" என்பார். வேறொருத்தியோடு போய்விட்ட புருஷன்கூட இப்போது எந்த ஊரில் இருந்தாலும் அவளைச் சட்டைப்பையில், நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டுதான் திரிய வேண்டும். தாலி கட்டிய காலத்தில்கூட அவன் இவ்வளவு பற்று காட்டியதில்லை.

ஆனால் பேர் சோறு போடாது. எதிர்சாரியில் கண்ணாடியும் வெளிச்சமுமாக ஓர் ஆயத்த ஆடைக் கடை திறந்தார்கள். அங்கே சட்டையின் விலை இவள் கேட்கும் தையற்கூலியைவிடக் குறைவு. இவள் கடை வாசலில் ஈ ஓட்டக்கூட ஈ வரவில்லை. கட்டடத்துக்காரர், "தனியா ஒரு பொம்பளை எவ்வளவு நாளைக்குத்தான் கஷ்டப்படுவீங்க" என்று கரிசனமாக விசாரிக்க ஆரம்பித்தார். கட்டடத்துக்காரர்கள் கரிசனப்பட்டால் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

தையல்காரி கையில் இருந்ததைத் திரட்டிப் போர்டு எழுதுபவரைக் கூப்பிட்டாள். ஐம்பது நோட்டைப் பார்த்து, மூன்றடி உயரத்துக்கு அந்த முகத்தை எழுதச் சொன்னாள். அடியில்: 'நோட்டில் இருப்பவரே தைத்துத் தரும் கடை.'

பலித்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சும்மா போக வெட்கப்பட்டு ஒரு பாவாடைக்கு விளிம்பாவது தைக்கக் கொடுத்தார்கள். ஒரு கல்யாண வீட்டார் மொத்தத் துணியையும் கொண்டுவந்து இறக்கினார்கள். கட்டடத்துக்காரரின் கரிசனம் நின்றுபோயிற்று. போர்டு இருக்கிறவரைதான் கடை. கடை இருக்கிறவரைதான் கஞ்சி. இது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மத்திய வங்கியிலிருந்து ஓலை வந்தது. வங்கிக்குப் பதிப்புரிமை உள்ள உருவத்தை அனுமதியில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது குற்றம். பலகையை உடனே இறக்காவிட்டால் வழக்கு.

வங்கியின் மூன்றாவது மாடியில் 'பண உருவ உரிமைப் பிரிவு' என்று ஓர் அறை இருந்தது. உள்ளே அதிகாரி ஒருவர் இருந்தார். மேஜைமேல், நறுக்கிப்போட்ட பழைய நோட்டுகளை அடைத்த கண்ணாடி உருண்டை. காகிதம் பறக்காமல் இருக்க அதை வைத்திருந்தார். மின்விசிறி ஓடவில்லை, பறக்கக் காகிதமும் இல்லை. பண உருவ உரிமை பற்றிப் படித்து வருவதற்காக வங்கிச் செலவில் பல நாடுகளுக்குப் போய்வந்தவர் அவர். போய்வந்ததிலிருந்து அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்குமா என்று காத்திருந்தார்.

"உக்காருங்கம்மா. போர்டு உங்களுதா?"

"போர்டும் என்னுது, மூஞ்சியும் என்னுது சார்."

"மூஞ்சி வங்கியோடது," என்றார் அவர் பெருந்தன்மையோடு. "போர்டு வேணும்னா உங்களுதா இருக்கட்டும்."

பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உலகம் எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியணும். ஒரு நாட்டுல நோட்டுப் படத்தை முக்கால் பங்குக்குச் சின்னதா போடணும், இல்லேன்னா ஒன்றரை மடங்குக்குப் பெருசா போடணும். அதுவும் ஒரு பக்கம்தான். வேலை முடிஞ்சதும் அச்சை அழிச்சுடணும். அழிக்கலேன்னா ஜெயில். இன்னொரு இடத்துல ராஜா மூஞ்சியைக் கோணலாக்கக் கூடாது. பிறவிக் கோணலா இருந்தா அதை நேராக்கவும் கூடாது. வேற ஒரு ஊர்ல, வரைஞ்சவர் செத்து எழுபது வருஷம் வரைக்கும் உரிமை உண்டு."

"சாகறதுக்கெல்லாம் கணக்கு வச்சிருக்காங்களா?"

"வரைஞ்சவர் செத்தாத்தாம்மா கணக்கு. வரையப்பட்டவங்க எப்ப செத்தாலும் ஒண்ணுதான்."

"காசுல போட்டிருந்தா, சார்? அதுக்கும் இப்படித்தானா?"

"அது எதிர்க் கட்டடம். நிதித்துறை. நாணயம் எங்ககிட்ட கிடையாது."

"அது பாத்தாலே தெரியுது சார்."

அதிகாரிக்கு அது புரியவில்லை. பல நாடுகளில் இருந்ததால் தமிழ் கொஞ்சம் தள்ளி நின்றது.

"இத்தனை ஊர் சுத்தினீங்களே," என்றாள் தையல்காரி. "எந்த ஊர்லயாவது நோட்டுல இருக்கறவளே வந்து நின்னு கேட்டாளா?"

"எப்படிம்மா வருவாங்க? நோட்டுல வர்றவங்க எல்லாம் செத்துப்போனவங்க. உயிரோட இருக்கறவங்க படத்தை நோட்டுல போடக்கூடாதுன்னு நம்ம சட்டமே இருக்கு." சொல்லிவிட்டுத்தான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவசரமாக ஒரு கோப்பைப் பிரித்தார். நிம்மதியாக மூச்சு விட்டார். "இதோ. 'உழைப்பு. கற்பனை உருவம். எவரையும் குறிப்பதன்று.' ஓவியரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார்."

தையல்காரி மேஜைமேல் கவிழ்ந்து இடது புருவத்தைக் காட்டினாள். நடுவில் ஒரு வெட்டு. அந்த இடத்தில் முடி முளைப்பதில்லை.

"கற்பனைக்கு எதுக்கு சார் புருவத்துல வெட்டு? இது சின்ன வயசுல எங்க அக்கா ஊஞ்சல்ல இருந்து தள்ளிவிட்டது. அப்படியே நோட்டுல இருக்கு பாருங்க."

அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்தார். நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

"அம்மா, இது நான்காவது பாதுகாப்பு அம்சம். கள்ள நோட்டுல இந்த வெட்டு சரியா விழாது. இதை வச்சுத்தான் நல்ல நோட்டுன்னு கண்டுபிடிக்கணும்னு எல்லாக் கவுண்டர்லயும் ஒட்டியிருக்கோம். இதைப் போயா மூணடிக்குத் தெருவுல தொங்கவிட்டிருக்கீங்க?"

இதை நீங்கள் நெற்றிக்குக் கீழேயும் வைத்துக்கொண்டு திரிகிறீர்களே என்று கேட்காத குறைதான்.

அப்புறம் குரலைத் தணித்து, நல்ல மனிதராக, இரண்டு வழி சொன்னார். படத்தில் இருப்பது அவள்தான் என்றால் ஓவியர் வங்கியை ஏமாற்றினார் என்றாகும். அவர்மேல் வழக்கு வரும். போர்டும் இறங்கும், ஏனென்றால் உரிமை எப்படியும் வங்கியுடையது. படத்தில் இருப்பது அவள் இல்லை என்றால் ஒரு சங்கடமும் இல்லை. பொதுமக்களில் ஒருத்தியாக விண்ணப்பம் போடலாம். அடியில் இருக்கிற வாசகத்தை அழித்துவிட்டு, படத்தின் குறுக்கே 'மாதிரி' என்று எழுதித் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

"அதாவது, நானா இருந்தா போடக்கூடாது. நான் இல்லேன்னா போடலாம்."

"கரெக்ட்!" என்று அதிகாரி மேஜையைத் தட்டினார். இத்தனை நாடுகளில் இவ்வளவு சீக்கிரம் விஷயத்தைப் பிடித்துக்கொண்ட ஆளை அவர் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா காரில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. கார் கதவு சாத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் அத்தானின் மூக்கு மட்டும் தெரிந்தது.

"அத்தான் உள்ள வரலையா?"

"தலைவலி. இந்தத் தையல் மெஷின் சத்தம் அவருக்கு ஆகாது."

"அன்னைக்கு ஒரு வாரம் உக்காந்திருந்தாரே, அப்ப ஆச்சா?"

அக்கா ஸ்டூலைத் தூசி தட்டி உட்கார்ந்தாள். "உனக்கே தெரியும், அடுத்த மாசம் அவருக்குக் 'கலைச்சிகரம்' பட்டம் தர்றாங்க. இந்த நேரத்துல நீ போய் அங்க புருவத்தைத் தூக்கிக் காட்டிட்டு வந்திருக்கே. வங்கியில இருந்து போன் மேல போன். மனுஷன் ராத்திரி தூங்கலை." பையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்தாள். படத்தில் இருப்பது நான் இல்லை என்று நான்கு வரி. "ஒரு கையெழுத்துதானே. அத்தோட போர்டும் இருக்கும், கடையும் இருக்கும்."

"தள்ளிவிட்டது நீதானேக்கா?"

"என்னது?"

"ஊஞ்சல்ல இருந்து."

"சின்ன வயசுல நடந்ததை எல்லாம் இப்ப எதுக்குக் கிளறிட்டு? நான் தள்ளாம இருந்தா இன்னைக்கு நோட்டுல ஒரு அம்சம் குறைஞ்சிருக்கும்." அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தங்கை சிரிக்கவில்லை என்று பார்த்து முகத்தைத் திருத்திக்கொண்டாள். "இதோ பாரு. உன்னைப் பாத்துத்தான் வரைஞ்சார். இல்லேங்கலை. ஆனா பாத்து வரைஞ்சா அது நீயாயிடுமா? கலைஞர் கண்ணு வேற. வெளியில உன்னைப் பாத்தார். மனசுக்குள்ள வேற ஒரு பொம்பளையைப் பாத்தார்."

"அப்படியா? அது யாருன்னு நீ கேட்டியா?"

அக்கா அந்தப் பேச்சை அப்படியே தாண்டிப் போனாள். "நீ அவ மாதிரி இருக்கே. அவ்வளவுதான்."

தையல்காரி தாளைப் பார்த்தாள். கையெழுத்துப் போடாமல் இருக்கலாம். போர்டு இறங்கும், கடை போகும், அக்கா வீட்டில் போலீஸ் ஏறும். அத்தனையும் நடந்து, அது நான்தான் என்று கோர்ட்டு சொன்னால்? அப்போதும் முகம் வங்கியுடையதுதான். குட்டிச்சுவரில் முட்டிக்கொள்ள வெள்ளெழுத்துக் கண்ணாடி எதற்கு? அளவெடுக்கும் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"பாத்தியா, எவ்வளவு சுலபம்," என்றாள் அக்கா. தாளைப் பைக்குள் போட்டுக்கொண்டு அதே பையிலிருந்து ஒரு பட்டு ரவிக்கையை எடுத்தாள். "விழாவுக்குப் போட்டுக்கணும். கை மட்டும் கொஞ்சம் இறக்கிக் கொடு. அவசரமில்லை, சாயங்காலம் டிரைவரை அனுப்பறேன்."

கார் கிளம்பும்போது கண்ணாடி இறங்கவில்லை. உள்ளே அந்த மூக்கு நேராகப் பார்த்துக்கொண்டே போயிற்று. தையல்காரி ரவிக்கையின் கையைப் பிரித்துத் தைத்தாள். முடித்ததும் பழக்கத்தில் குனிந்து நூலைக் கடிக்கப் போனவள், பாதியில் நிறுத்திக் கத்தரிக்கோலைத் தேடினாள். இனி அதுவும் யார் உரிமையோ, யார் கண்டது.

அனுமதி வந்தது. போர்டு எழுதுபவர் ஏணியில் ஏறி, அடி வாசகத்தை வெள்ளையடித்து மறைத்துவிட்டு, விதியைக் கேட்டுக்கொண்டார். எழுத்து படத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரம் இருக்க வேண்டும். முகவாயில் தொடங்கிச் சாய்வாக ஏறி, புருவத்தில் முடிய வேண்டும். நிறம் சிவப்பு.

"என்னங்க இது, 'ரி' போட்டா சுழி நேரா அந்த வெட்டு மேல போய் விழுது. நான் எவ்வளவு பாடுபட்டு எழுதினேன் அதை. கொஞ்சம் தள்ளிப் போடட்டுமா?"

"வேண்டாம். அங்கதான் விழணுமாம்."

அவர் போட்டார். இறங்கி வந்து கூலி வேண்டாம் என்றார். "ஒரு வார்த்தைதானே. அதுவும் நான் எழுதினதை நானே கெடுத்ததுக்குக் காசு வாங்கினா கை விளங்காது."

போர்டு இறங்கவில்லை. கடையும் நின்றது. ஜனங்கள் முன்போல் அண்ணாந்து பார்த்தார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் எதிர்க்கடைக்குள் நுழைந்தார்கள். தெரு மட்டும் காலத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டது: 'நோட்டுக்காரி' போய் 'மாதிரிக்காரி' வந்தாள்.

ஒரு நாள் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி துணிப் பொட்டலத்தோடு வாசலில் நின்றாள். போர்டைப் பார்த்தாள். மெஷினில் குனிந்திருந்தவளைப் பார்த்தாள்.

"மேல இருக்கறது நீங்களாங்க?"

ஆமாம் என்று சொன்னால், கையெழுத்துப் போட்ட தாளில் பொய்யுறுதி கொடுத்த குற்றம். அதிகாரி அதையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

"இல்லம்மா. மாதிரிதான்."

"அதானே பாத்தேன்! நோட்டுல இருக்கறவங்க இப்படித் தெருவுல உக்காந்து தைப்பாங்களா?" அந்தப் பெண்ணுக்குத் தன் கூர்மையில் சந்தோஷம். பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். "அப்ப கூலியும் கொஞ்சம் கொறச்சுக்குங்க. நெஜமானவங்க கேக்கற கூலியா நீங்க கேக்கப் போறீங்க?"

பேசி முடித்து, முன்பணமாக ஓர் ஐம்பது நோட்டை நீட்டினாள். இப்போதெல்லாம் ஊரில் கள்ள நோட்டு நிறையப் புழங்குகிறது. தையல்காரி அதை வாங்கித் திருப்பி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, புருவத்தில் வெட்டு இருக்கிறதா என்று பார்த்தாள்.

இருந்தது. நல்ல நோட்டுதான்.