பாஸ்வேர்ட் இல்லாத கொப்பி

"எல்லாத்தையும் எழுதுற நீ, பாஸ்வேர்டையும் எழுதி வெச்சிருக்கியா புள்ள?"

கணினி விரிவுரையாளர் ஸஹாப்தீன் ஒருநாள் இப்படிக் கேட்டபோது சிவமணி கூசிப்போனாள். மேசை லாச்சிக்குள் ஒளித்து வைத்த, கண்டதையெல்லாம் எழுதும் கொப்பியை அவர் எப்படியோ கண்டுவிட்டார்.

"இல்லை சேர்."

"எழுதவும் வாணாம், சொல்லவும் வாணாம். நானே வந்து கேட்டாலும் சொல்லாத."

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் அவள். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை. மாணவர்களின் பெயர், ஊர், வாடகைக்கு இருக்கும் வீடு எல்லாம் அவள் கையால்தான் கணினிக்குள் போயின; அதைத் திறக்கும் பாஸ்வேர்ட் அவளுக்கு மட்டும்தான் தெரியும். போர் நடந்த 2007இல் அது எப்பேர்ப்பட்ட பட்டியல் என்று அவளுக்குத் தெரியும். போன மாதம்தான் வடக்கிலிருந்து வந்து படித்த இருவரை யாரோ அறையிலிருந்தே கூட்டிப்போனார்கள். இருவரும் திரும்பவில்லை.

முன்பே இருமுறை வந்துபோன, கட்டம் போட்ட சேட் அணிந்தவன் இன்று மூன்றாம் முறையாக வந்து நின்றான்.

"யாழ்ப்பாணப் பிள்ளையளுக்கு உதவிப்பணம். விலாசம் மட்டும் போதும்."

"பாஸ்வேர்டைச் சொல்லு பிள்ளை, நானே எடுத்துக் குடுக்கிறன்" என்றார் தலைமை எழுதுவினைஞர் முத்துலிங்கம். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"கடிதம் கொண்டுவரச் சொல்லுங்கோ." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"என்ன?"

"குடுக்க மாட்டன் ஐயா." இந்த முறை வாசல்வரை கேட்டது.

"வேலை போகும்!"

"போகட்டும்."

வந்தவன் சிரித்தான். "பாஸ்வேர்டை இதுகள் எங்கையாவது எழுதித்தான் வச்சிருக்கும்." லாச்சியை இழுத்தான். கொப்பி அகப்பட்டது.

ஒருவருக்கும் காட்டாத எழுத்து.  ஆனாலும் சிவமணி பறிக்கப் போகவில்லை.

"வாசியுங்கோ" என்றாள்.

உரத்து வாசித்தான். "'முத்துலிங்கம் ஐயா வடை தின்ற கையை அலுவலகத் திரைச்சீலையில் துடைக்கிறார்.' ஆகா!"

முத்துலிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவன் பக்கம் பக்கமாகத் தட்டினான். எங்கும் பாஸ்வேர்ட் இல்லை. கடைசிப் பக்கத்தைத் தொடங்கினான்.

"'செவ்வாய், பத்தரை மணி. கட்டம் போட்ட சேட். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. மோட்டார் சைக்கிள் இலக்கம்...'"

குரல் நின்றது.

"அந்தப் பக்கத்தை மட்டும் இண்டைக்குக் காலமை போட்டோக்கொப்பி அடிச்சு ஸஹாப்தீன் சேரிட்டக் குடுத்திட்டன்" என்றாள் சிவமணி. "வேற யார் யாரிட்டக் குடுக்க வேணுமெண்டு அவருக்குத் தெரியும்."

அவன் கொப்பியை மூடி மேசையில் வைத்தான். அவளைப் பார்த்தான். பிறகு படியிறங்கிப் போனான்.