மண்டையோடு இல்லாத பெட்டி

அஜந்தா இரண்டு அட்டைப்பெட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். இரண்டுக்குள்ளும் ஒரே வெள்ளைப் பஞ்சுச் சுருள்தான். உலையின் உட்சுவரில் பதித்துவிட்டால் ஆயிரம் பாகைச் சூட்டையும் வெளியே விடாது. செய்த கம்பனியும் ஒன்று. பழைய பெட்டியில் செம்மஞ்சள் சதுரத்துக்குள் மண்டையோடும் குறுக்கெலும்பும் இருந்தன. புதியதில் மண்டையோட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் சிவப்பு ஓரமிட்ட சாய்சதுரம். அதற்குள் நெஞ்சு வெடித்துச் சிதறியது போல ஒரு கறுப்பு மனித உருவம்.

பாறூக்கின் பட்டறை ஏறாவூரில் வாவிக் கரையோடு இருந்தது. பழைய அலுமினியத்தை உருக்கிச் சட்டி பானை வார்ப்பார்கள். உலை சுனாமிக்குப் பிறகு ஒரு பிரெஞ்சு நிவாரண அமைப்பு கொடுத்தது. பழைய பெட்டியும் அதோடு வந்தது. மண்டையோட்டைக் கண்டதிலிருந்து முகமூடி போடாமல் அந்தப் பஞ்சை யாரும் தொட்டதில்லை. புதிய பெட்டி, போர் முடிந்து ஒரு வருடத்துக்குப் பின், கொழும்பு வியாபாரி ஒருவர் மூலம் வந்தது.

களஞ்சியம் அஜந்தாவின் பொறுப்பு. நாவற்குடாவில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்குக்குப் போய் இரண்டு நாள் நின்றுவிட்டாள். திரும்பி வந்தால், பட்டறையில் வேலை செய்யும் சுதாகரன் வெறும் முகத்தோடு உலைக்குள் குந்தியிருந்து சுருளை வெட்டிக்கொண்டிருக்கிறான். மீசை முழுக்க வெள்ளைத் தூள்.

ஏசினாள். அவன் அவசரப்படாமல் வெளியே வந்தான்.

“மண்டையோட்டப் புடுங்கிட்டாங்கதானே அக்கா. புடுங்கினா துப்பரவு முடிஞ்சுது எண்டுதானே அர்த்தம்?”

பட்டறைக்கு வருமுன் இரண்டு வருடம் ஊர் ஊராக மிதிவெடி விழிப்புணர்வு வகுப்பு எடுத்தவள் அவள். சுதாகரனின் ஊரான மாங்கேணியில், அவன் காணியைச் சுற்றியும் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் நின்றன. வெடி அகற்றி முடித்தவர்கள் பலகைகளைப் பிடுங்கி லொறியில் அடுக்கியதும், இனிப் போகலாம் என்று சனத்துக்குச் சொன்னது அஜந்தாதான். அவள் சொல்லை நம்பி முதலில் கால் வைத்தவன் சுதாகரன். இப்போது அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கே கச்சான் கடலைப் பாத்திகளில் புல்லுப் பிடுங்குகிறார்கள்.

வார்ப்பு வேலை செய்யும் அசனார் புதிய படத்தை எட்டிப் பார்த்தார்.

“நெஞ்சுக்குள்ள பூப் பூத்திரிக்கி தம்பி. சளிமருந்துப் போத்தல்லயும் இப்படித்தான் போடுவானுகள்.”

பாறூக் வியாபாரிக்குப் போன் போட்டார். பெட்டி வரும், என் விலைச்சீட்டை ஒட்டி அனுப்புவேன், படத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்றாராம் அவர். உண்மைதான். படத்துக்குக் கீழே முழுக்க அந்த விலைச்சீட்டுத்தான். அஜந்தா தேங்காயெண்ணெய் தடவி, நகத்தால் சுரண்டி அதை உரித்தாள். அடியில் பொடி எழுத்துகள்.

பழைய பெட்டியில் R49 என்று இருந்த இடத்தில் புதியதில் H350i.

“நாப்பத்தொம்பது முன்னூத்தம்பதாகிட்டு,” என்றார் அசனார். “ஆபத்துக் கூடினதா, குறைஞ்சதா?”

எண்ணுக்குப் பின்னால் பிரெஞ்சில் ஒரு வரி. அஜந்தா இரண்டு பெட்டியிலும் விரல் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். ஒரு புள்ளிகூட மாறவில்லை. அந்த வரிக்குள் ஒரு சொல் மட்டும் ஆங்கிலத்தில் உள்ளது போலவே இருந்தது: கான்சர். மண்டையோட்டின் பயத்திலேயே இத்தனை வருடமும் அதை வாசிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

துப்பரவாக்காமல் பலகையை மட்டும் மாற்றுவார்களா? எங்கோ ஒரு நாட்டில் யாரோ சட்டத்தை மாற்றிப் புதுப் படம் கீறியிருக்க வேண்டும். எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை.

“பஞ்சு அதேதான் தம்பி,” என்றாள். “படத்தத்தான் மாத்தியிருக்காங்க. புத்துநோய் வருமெண்டு ரெண்டுலயும் கிடக்கு.”

சுதாகரன் மீசையைத் தட்டக் கையைத் தூக்கினான். தட்டினால் தூள் மூக்குக்குள் போகுமோ என்னவோ, கை பாதியில் நின்றது. இரண்டு நாள் இழுத்த மூச்சைப் பற்றிக் கேட்பான் என்று அவள் பயந்தாள். அவன் கேட்டது வேறு.

“அப்ப எங்கட காணியில, அக்கா? அங்கயும் பலகையத்தான் எடுத்தாங்களா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பலகைகள் லொறியில் ஏறியதைக் கண்டிருக்கிறாள், வெடி அகற்றியாயிற்று என்ற பத்திரம் கைமாறியதைக் கண்டிருக்கிறாள். வேலை நடந்த நாட்களில் வேலிக்கு உள்ளே அவளை விட்டதில்லை.

அவன் ஏற்கெனவே வீட்டுக்குப் போன் எடுத்திருந்தான். பிள்ளைகளைக் காணியிலிருந்து கூப்பிடச் சொன்னான். ஏன் என்று மனைவி கேட்பது வெளியே கேட்டது. அவன் போனை அஜந்தாவிடம் நீட்டினான்.