கேரியரில் ஒருத்திக்குத்தான் இடம்

வெயில் ஏறுவதற்குள் பாதிக் களிமண் கூழையாவது அச்சில் ஊற்றிவிட வேண்டும். அப்புறம் தகரக் கொட்டகைக்குள் நிற்க முடியாது. அம்சவல்லி பிளாஸ்டர் அச்சுகளை ரப்பர் பட்டையால் இறுக்கி வரிசையாக நிமிர்த்தி வைத்தாள். வெள்ளைக் களிமண் கூழைக் குவளையில் மொண்டு மொண்டு ஊற்றினாள். ஓரம் கனத்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டி, இறுகியபின் அச்சைப் பிரித்தால் உள்ளே ஈரமாய் ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். அவரைக் கத்தியால் சுரண்டி, பஞ்சால் துடைத்துப் பலகையில் வைப்பதற்குள் அடுத்த அச்சு காத்திருக்கும். குனிந்த முதுகு சோற்று நேரத்தில்தான் நிமிரும். உள்ளங்கை வெடிப்பில் குழம்பு பட்டால் சுரீரென்று எரியும்.

அவள் புருசன் சாமிதுரைக்கு அதே பொம்மைக் கம்பெனியில் சூளை வேலை. போன தை மாதம் சூளைக்குள் பொம்மை அடுக்கும்போது பலகைக்கல் ஒன்று சரிந்து வலது பாதத்தில் விழுந்தது. முதலாளி பழமலைநாதன் கட்டுப் போட்டுவிட்டதோடு சரி. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அன்றிலிருந்து விந்தி விந்தித்தான் நடக்கிறான்.

காலை ஆறிலிருந்து சாயந்திரம் ஆறு வரை வேலை என்று பேச்சு. ஆறு மணிக்கு மணியடித்தால் கூலிதான் நிற்கும், வேலை நிற்காது. வேலையாட்கள் எல்லாருக்கும் ஒரே ஊர். அது ஸ்ரீமுஷ்ணம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பெண்களுக்குக் காசில்லாத டவுன் பஸ் ஐந்தரைக்கே போய்விடும். அடுத்த பஸ் வந்தால் வந்ததுதான். கம்பெனி வேன்தான் கதி. அந்த வேனோ முதலாளி கண்ணைக் காட்டினால்தான் கிளம்பும்.

"வேன் கெளம்புற வரைக்கும் சும்மாதான குந்தியிருக்கப் போறீங்க? ஆளுக்கு நாலு அச்சு ஊத்துங்க" என்பார் பழமலைநாதன். நவராத்திரி நெருங்க நெருங்க நாலு எட்டானது. எட்டு பத்தானது. கூலி கேட்டால் சிரிப்பார்.

"கூலி வேலைக்குத்தான். இது வேனுக்குக் காத்திருக்கிற நேரம். வேனுக்கு நான் காசு வாங்குறேனா?"

அம்சவல்லிக்குப் பக்கத்துப் பலகையில் கனகா நின்றாள். கைப்பிள்ளைக்காரி. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறாள். பொழுது சாயச் சாய முந்தானையை இழுத்து இழுத்து மார்பை மூடிக்கொள்வாள். அதையும் மீறி ரவிக்கை நனைந்துவிடும். கக்கூஸ் மறைவில் பாலைப் பீய்ச்சிவிட்டுத் திரும்பும்போது கண் சிவந்திருக்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது?

சைக்கிள் யோசனை சாமிதுரைக்குத்தான் முதலில் வந்தது.

"ஒரு சைக்கிள் இருந்தா மணியடிச்சதும் நம்ம பாட்டுக்குக் கெளம்பிடலாம் புள்ள."

"ஒங்க காலால மிதிக்க முடியுமா?"

"நீ மிதி. நான் பின்னால குந்திக்கிறேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் அன்றிலிருந்து மாதாமாதம் வரும் மகளிர் உரிமைத்தொகையில் கை வைக்கவில்லை. அவன் கடை டீயை விட்டான். ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதை இருவருமே மறந்தவர்கள்போல் இருந்தார்கள்.

பாலக்கரையில் ஒரு பழைய சைக்கிள் கடை. கிடந்தவற்றில் நீல நிற லேடீஸ் சைக்கிள் ஒன்று அவள் கண்ணில் பட்டது. மட்கார்டில் துரு, சீட்டு கிழிசல். அம்சவல்லி பெடலைக் கையால் சுற்றிவிட்டுச் சத்தத்தைக் கேட்டாள்.

"செயினு தொங்குதே அண்ணே."

"இறுக்கித் தரேம்மா. டயரப் பாரு, போன மாசம் போட்டது."

பேரம் நெடுநேரம் நடந்தது. கடைசியில் சாமிதுரை சட்டைப்பையிலிருந்த எல்லாவற்றையும் எடுத்து வைத்து, காலிப் பையை வெளியே இழுத்துக் காட்டினான். கடைக்காரர் சிரித்துவிட்டார். வேறொரு சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றி, "இத வெச்சுக்க, காசு வேணாம்" என்று மாட்டியும் கொடுத்தார்.

"பூ வாங்கிச் சுத்தலாமா?" என்றாள் அம்சவல்லி.

"பூவுக்கு வெச்சிருந்ததும் அவருகிட்ட போயிடுச்சே!"

புருசனைக் கேரியரில் உட்காரவைத்து அவள் மிதித்தாள். சைக்கிள் இப்படியும் அப்படியும் ஆடி, பிறகு நேரானது. "புருசன மூட்ட கட்டிக்கிட்டுப் போறா பாரு!" என்று டீக்கடையில் ஒருவன் கத்தினான். சாமிதுரை வெட்கப்படவில்லை. திருவிழாவில் தேர்மேல் உட்கார்ந்தவன்போல் அவனைப் பார்த்துக் கையசைத்தான். மணிமுத்தாற்றுப் பாலத்தின் இறக்கத்தில் அவள் மிதிப்பதை நிறுத்தினாள். சைக்கிள் தானாக ஓடியது. காற்று புடவையைத் தூக்கியது. வழிவிட ஆளே இல்லாத சாலையில் அவள் மணியை அடித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் ஆறு மணி அடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். முதலாளி வெளியூர் போயிருந்தார். வீடு சேர்ந்தபோது வாசலில் இன்னும் அந்தி வெளிச்சம் மிச்சமிருந்தது. வேலை நாளில் தன் வாசலை வெளிச்சத்தில் பார்த்து எத்தனை மாதமாயிற்று! அன்று இருவரும் வெளியே உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

மூன்றாம் நாள் கனகா தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, இன்னிக்கு மட்டும் என்னைக் கூட்டிப் போறியா? புள்ளைக்கு ஒடம்பு காயுது."

அம்சவல்லி புருசனைப் பார்த்தாள்.

"ஏறு தாயி, நான் வேன்ல வரேன்" என்றான் அவன்.

தன் வீட்டு வாசலில் இறங்கிய கனகா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது. சைக்கிளைப் பிடித்தபடி அம்சவல்லி அங்கேயே நின்றாள்.

அடுத்த நாள் ஆறு மணிக்கு எல்லாப் பலகைகளிலிருந்தும் கண்கள் அவளைத்தான் பார்த்தன. முட்டி வீங்கிப்போன கொளஞ்சியம்மாள், "நாளைக்கு என் முறையாடி?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்சவல்லியால் சிரிக்க முடியவில்லை. இத்தனை பேர் இருக்க, கேரியரில் ஒருத்திக்குத்தான் இடம். வழி நெடுக பெடல் கனத்தது.

மறுநாள் மணியடித்து அவர்கள் வெளியே வந்தபோது சைக்கிள் கொட்டகைத் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் பழமலைநாதன்.

"ஒன்னைப் பாத்து எல்லாருக்கும் ஆச வருது அம்சவல்லி. ஆர்டர் முடியிற வரைக்கும் இது இங்கியே இருக்கட்டும்."

"அது எங்க சைக்கிளு மொதலாளி."

"நிக்கிறது என் எடத்துல."

"ஆறு மணிக்கு மேல நாங்களா ஒங்க எடத்துல நிக்கிறோம்? நீங்கதான் நிக்க வெக்கிறீங்க."

"சாமிதுரை, பொண்டாட்டிய அடக்கி வை. காலு போன ஒன்னை வேலைக்கு வெச்சிருக்கிறதே பெருசு."

சாமிதுரை விந்தியபடி ஓரடி முன்னால் வந்தான். "என் காலு எங்க போச்சு மொதலாளி? ஒங்க சூளையிலதான கெடக்குது?"

பழமலைநாதனின் முகம் கறுத்தது. "நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் வர வேணாம். மத்தவங்க போய் அச்சு ஊத்துங்க. என்னா வேடிக்கை?"

ஒரே கம்பெனியில் இரண்டு கூலி. இரண்டும் ஒரே நொடியில் போயிற்று. தொழிற்பேட்டையில் மற்ற முதலாளிகளுக்கு இவர் ஒரு போன் போட்டால் போதும், வேறெங்கும் வேலை கிடைக்காது. திரும்பிப் பார்க்கவே அம்சவல்லிக்குப் பயமாக இருந்தது.

பின்னால் ஒரு குவளை தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. கனகா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் வேன்ல ஏறல. நடந்தே போறேன்."

"நடந்தா எட்டு ஆவும்டி!"

"வேன்ல போனாலும் எட்டுதான மொதலாளி?"

கொளஞ்சியம்மாள் கத்தியைப் பலகையில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சூளை ஆட்களும் வந்தார்கள். பூட்டிய சைக்கிளைத் தாண்டி, காத்திருந்த வேனைத் தாண்டி, எல்லாரும் சாலைக்கு இறங்கினார்கள்.

வழியில் ஊர்க்காரர் ஒருவர் மொபெட்டை நிறுத்தினார். "கனகாவ ஏத்துங்க, புள்ள பசியில கெடக்கும்" என்று பல குரல்கள் ஒன்றாக எழுந்தன. சாமிதுரைக்குச் சூளைக்கார இளைஞன் ஒருவன் தோள் கொடுத்தான்.

"இன்னிக்கு நடந்துட்டம். நாளைக்கு?" என்று கேட்டாள் கொளஞ்சியம்மாள்.

அம்சவல்லி யோசித்துச் சொன்னாள்: "நாளைக்கும் நடப்போம். ஆறுக்கு வேனு கெளம்பணும், இல்லன்னா ஆறுக்கு மேல கூலி தரணும். மொதலாளி அதுக்கு ஒத்துக்கிற வரைக்கும் கம்பெனி கேட்டத் தாண்டி உள்ள போவக் கூடாது."

"ஒங்க ரெண்டு பேரு வேல?"

அவள் வாய் திறக்குமுன் சூளைக்கார இளைஞன் சொன்னான்: "அதுதான் மொதல்ல."

விடியற்காலையில் ஊருக்குள் வந்த வேன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, காலியாகத் திரும்பியது. இருட்டோடு கிளம்பியவர்கள் கம்பெனிக்கு வந்தபோது கேட் பூட்டிக் கிடந்தது. கேட்டிலிருந்த சிறு கதவைத் திறந்து பழமலைநாதன் எட்டிப் பார்த்தார். குரலில் தேன் ஒழுகியது.

"கனகா, நீ உள்ள வா. கைப்புள்ளைக்காரி. ஒன்னை மட்டும் தினம் ஆறுக்கே அனுப்பிடறேன்."

கனகா சிறு கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் போனாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"எல்லாரையும் அனுப்புங்க மொதலாளி" என்றாள் கனகா. சொல்லிவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

சிறு கதவு படாரென்று சாத்திக்கொண்டது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். வெயில் மெல்ல முதுகில் ஏறியது. உள்ளே சூளை ஆறிக்கொண்டிருந்தது. வெளியே யாருக்கும் அடுத்த வாரக் கஞ்சிக்கு வழி தெரியவில்லை.

பக்கத்துக் கம்பெனி வேன் வந்து நின்றது. இறங்கிய பெண்கள் கூட்டத்தைப் பார்த்து என்ன ஏது என்று விசாரித்தார்கள். அம்சவல்லி சொல்லச் சொல்ல, சாப்பாட்டுக் கூடையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி தன் வேனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கி வைத்தாள்.

"எங்க வேனும் இதே கததான் அக்கா. கொஞ்சம் தள்ளிக் குந்துங்க."